கையில் ஏன் இரும்பு வாடை?

மும்பை நகரத்தில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். தாத்தா, பாட்டி காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கம் இருந்து போனவர்கள் பலர். பலருக்குப் பலவிதமான தொழில். தோல் வேலை, தையல் வேலை, இட்லி வியாபாரம் என்று செய்வார்கள். சிலர் பழைய பொருள்களைப் பிரிப்பார்கள். பழைய இரும்பு, தகரம் எல்லாவற்றையும் அங்கே 'பங்கார்' என்று சொல்வார்கள்.

அங்கே ஒரு மாலை வகுப்பு. பெரியவர்கள் வந்து தமிழ் எழுதப் படிக்கும் வகுப்பு அது. பங்கார் பிரிக்கும் அக்கா ஒருவர் அதற்கு வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவர் முகம் வாடி இருந்தது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒன்றும் இல்லை, தங்கச்சி. மனசுதான் சரியில்லை" என்றார்.

அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகன். மத்தியானம் வேலையில் இருந்து வந்தார். மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். அவன் வாயைத் திறக்கவில்லை. "அம்மா, உன் கை நாறுது. எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டான்.

"தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் ஊட்டினேன். அப்படியும் வாடை போகவில்லை. இரும்பு என் உடம்புக்குள்ளேயே இறங்கிப் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது."

பக்கத்தில் இருந்த இன்னோர் அக்கா சிரித்தார். "இறங்கினால் நல்லதுதானே! எனக்கு ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்து குறைவு என்றார்கள். நானும் உன்னைப்போல இரும்பிலேயேதான் கிடக்கிறேன். எனக்கு ஏன் குறைந்தது?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டுமே நல்ல கேள்விகள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி இருக்கிறேன்.

வாடை என்றால் என்ன?

பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள். நமக்கு வாடை வருகிறது. கருவாடு நம் வீட்டுக்கு வரவில்லை. ஆனாலும் வாடை வருகிறது. எப்படி?

கருவாட்டில் இருந்து மிக மிகச் சிறிய துகள்கள் காற்றில் பறந்து வருகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. நாம் மூச்சை இழுக்கும்போது மூக்குக்குள் போகின்றன. மூக்கு அதை மூளைக்குச் சொல்கிறது. "இது கருவாடு" என்று மூளை கண்டுபிடித்துவிடுகிறது.

மல்லிகைப் பூவும் அப்படித்தான். மண்ணெண்ணெயும் அப்படித்தான். பறந்து வருகிற பொருளுக்குத்தான் வாடை உண்டு. பறக்காத பொருளுக்கு வாடை இல்லை.

இரும்பு பறக்குமா?

தண்ணீரை வெயிலில் வைத்தால் ஆவியாகிப் போய்விடும். இரும்பை வெயிலில் வைத்தால் ஆவியாகுமா? ஆகாது. இரும்பை உருக்குவதற்கே 1,538 டிகிரி சூடு வேண்டும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும். அப்படியானால் இரும்பு ஆவியாக எவ்வளவு சூடு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். உருக்குவதைவிட இன்னும் அதிகச் சூடு வேண்டும்.

நம் கைச் சூட்டில் இரும்பு ஆவியாகாது. காற்றில் பறந்து மூக்குக்கும் வராது. அதனால் சுத்தமான இரும்புக்கு வாடை இல்லை.

பிறகு கையில் வருகிற வாடை எது?

நீங்களே செய்து பாருங்கள்

பழைய இரும்பு ஆணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூர் இல்லாத ஆணியாக இருக்கட்டும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியால் துடைத்துக் காய வையுங்கள்.

முதலில், கையால் தொடாமல், துணியால் பிடித்து மோந்து பாருங்கள். வாடை தெரிகிறதா?

இரண்டாவது, ஆணியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள். அதை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். பிறகு கையை மோந்து பாருங்கள்.

மூன்றாவது, தாளை எடுத்துவிடுங்கள். ஆணியை மட்டும் வெறும் கையில் இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். கை கொஞ்சம் வியர்த்திருந்தால் நல்லது. இப்போது கையை மோந்து பாருங்கள்.

வெறும் கையில் பிடித்தபோதுதான் வாடை வருகிறது. ஆணி தனியாக இருந்தால் வாடை இல்லை. கை தனியாக இருந்தாலும் அந்த வாடை இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வாடை.

தோலில் என்ன இருக்கிறது?

நம் தோலின் மேல் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கின்றன. ஒன்று வியர்வை. இன்னொன்று எண்ணெய்.

நாம் தடவுகிற தேங்காய் எண்ணெயைச் சொல்லவில்லை. நம் உடம்பே ஒரு வகை எண்ணெயைச் சுரக்கிறது. காலையில் எழுந்ததும் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசு என்று இருக்கும். அதுதான் அந்த எண்ணெய். தோல் வறண்டு வெடிக்காமல் அது காப்பாற்றுகிறது. முகத்தைத் தொடுவதாலும் தலையைக் கோதுவதாலும் அது கைக்கும் வந்து சேர்கிறது.

எந்த எண்ணெயும் காற்றுப் பட்டால் மெல்ல மெல்லக் கெடும். பழைய எண்ணெயில் காறல் வாடை அடிக்கும் அல்லவா? தோலின் எண்ணெயும் காற்றுப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. ஆனால் அது அளவில் மிகக் குறைவு. அதனால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது இரும்பைத் தொடுகிறோம். வியர்வை உப்புத் தண்ணீர். அதில் லேசான புளிப்பும் உண்டு. உப்பும் புளிப்பும் இரும்பை அரிக்கும். அதனால் இரும்பு துளியிலும் துளி அளவு வியர்வையில் கரைகிறது.

கரைந்த இரும்பு அங்கே சும்மா இருப்பதில்லை. காற்றுப்பட்டு மாறி இருக்கிற தோல் எண்ணெயை உடைக்கிறது. ஒரு பெரிய கல்லைச் சுத்தியலால் உடைத்தால் சின்னச் சின்னச் சல்லியாகும். அதுபோல எண்ணெயும் சின்னத் துண்டுகளாகிறது. பெரிய துண்டு பறக்காது. சின்னத் துண்டு பறக்கும். பறந்து மூக்குக்கு வரும்.

அதுதான் நாம் சொல்லும் இரும்பு வாடை. உண்மையில் அது இரும்பின் வாடை இல்லை. நம் உடம்பின் எண்ணெயில் இருந்து வருகிற வாடை. இரும்பு அதைக் கிளப்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்?

மனிதன் இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கி 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இந்த வாடையின் காரணம் தெளிவானது 2006-ஆம் ஆண்டில்தான். ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் கிளின்டெமன் என்பவர்.

அவர்கள் சிலரை இரும்பைத் தொடச் சொன்னார்கள். கையில் இருந்து வந்த வாடையைப் பிடித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று கருவிகளால் பிரித்துப் பார்த்தார்கள். அதில் இரும்பு இல்லை. எண்ணெய் உடைந்து உண்டான பொருள்கள்தான் இருந்தன. அவற்றில் முக்கியமான ஒன்றின் பெயர் ஆக்டினோன். இது காளானின் வாசனையைப் போன்றது. மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அவர்கள் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். கொஞ்சம் இரத்தத்தைத் தோலில் தேய்த்தார்கள். அப்போதும் அதே வாடை வந்தது. ஏன் என்றால் இரத்தத்திலும் இரும்பு இருக்கிறது. கையில் வெட்டுப்பட்டு இரத்தம் வழியும்போது ஒரு வாடை வரும். அது இரும்பு வாடையைப் போல இருக்கும். இப்போது காரணம் தெரிகிறதா?

டில்லியில் ஒரு தூண்

கை வியர்வை இரும்பை அரிக்கும் என்று சொன்னோம். கையில் இருப்பது சிறிதளவு வியர்வைதானே, அது இரும்பை என்ன செய்யும் என்று நினைக்கலாம். டில்லியில் இருக்கிற ஒரு தூணைப் பற்றிக் கேளுங்கள்.

டில்லியில் குதுப்மினார் பக்கத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. அதன் உயரம் ஏழு மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுக் கொல்லர்கள் செய்தது. அவ்வளவு காலம் மழையிலும் வெயிலிலும் நின்றும் அது துருப்பிடித்து அழியவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் என்ற பொருள் அதிகம் இருக்கிறது. அதனால் தூணின் மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகி இருக்கிறது. போர்வையைப்போல அது தூணைக் காக்கிறது.

அந்தத் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் பின்பக்கமாகக் கட்டிப் பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. வந்தவர்கள் எல்லோரும் கட்டிப் பிடித்தார்கள். கைகளும் வியர்வையும் பட்டுப் பட்டு, அந்த இடத்தில் படலம் தேய்ந்து பளபளப்பாகிவிட்டது. 1997-ஆம் ஆண்டில் தூணைச் சுற்றி வேலி போட்டார்கள். மழையும் வெயிலும் செய்யாததை மனிதர் கை செய்தது.

மற்ற உலோகங்கள்

செம்பைத் தொட்டாலும் கையில் வாடை வரும். பித்தளையிலும் வரும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான் பித்தளை. செம்பும் வியர்வையில் கொஞ்சம் கரையும். தோல் எண்ணெயை உடைக்கும்.

எவர்சில்வரில் வாடை குறைவு. அதிலும் இரும்புதான் அதிகம். ஆனால் குரோமியம் என்ற உலோகத்தை அதில் சேர்க்கிறார்கள். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. வியர்வை உள்ளே போக அது எளிதில் விடாது.

தங்கத்தில் வாடை இல்லை. வியர்வையால் தங்கத்தைக் கரைக்க முடியாது. பாட்டி போட்ட தங்கத் தோட்டைப் பேத்தி போட்டாலும் அது அப்படியே மின்னும்.

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் புளிக்குழம்பு, மோர், எலுமிச்சைச் சாறு வைக்கக் கூடாது. புளிப்பு பட்டால் செம்பு நிறையக் கரையும். அது வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும், வயிற்றைப் புரட்டும். அதனால்தான் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுகிறார்கள்.

இரும்பைத் தொட்டால் இரும்புச் சத்து வருமா?

இரண்டாவது அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். நாள் முழுவதும் இரும்பைத் தொட்டாலும் தோல் வழியாக இரும்பு இரத்தத்துக்குப் போகாது. தோல் நல்ல மதில் சுவர். இரும்புச் சத்து சாப்பாட்டு வழியாகத்தான் வர வேண்டும்.

நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. 2019 முதல் 2021 வரை அரசு எடுத்த குடும்பநலக் கணக்கு இதைச் சொல்கிறது. இரும்புச் சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். எப்போதும் அசதியாக இருக்கும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும்.

முருங்கைக் கீரை, மற்ற கீரைகள், பயறு வகைகள், மீன், ஈரல் இவற்றைச் சாப்பிட வேண்டும். கூடவே நெல்லிக்காய், கொய்யாப்பழம், எலுமிச்சம்பழம் சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்கக் கூடாது. தேநீர் இரும்புச் சத்தைத் தடுக்கும். இரும்புச் சட்டியில் சமைத்தால் கொஞ்சம் இரும்பு உணவில் சேரும். அது நல்லதுதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

வாடை இல்லாத ஆபத்து

இரும்பு வாடையால் நமக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வாடையே இல்லாமல் கெடுதல் செய்கிற ஓர் உலோகம் இருக்கிறது. அதுதான் காரீயம்.

ஈயம் என்று நாம் சொல்வதில் இரண்டு உலோகங்கள் உண்டு. ஒன்று வெள்ளீயம். பாத்திரத்தில் பூசுவது இதைத்தான். இன்னொன்று காரீயம். இது கனமானது, சாம்பல் நிறம். கார், ஆட்டோ, இன்வெர்ட்டர் இவற்றின் பாட்டரிக்குள் இருப்பது இது. காரீயம் நஞ்சு. பாத்திரத்துக்குப் பூச அதைத் தொடவே கூடாது.

பழைய பாட்டரியை உடைக்கும்போது காரீயத் தூள் கையில் ஒட்டும். உடையில் ஒட்டும். உருக்கினால் புகையாக மூச்சில் போகும். கையை மோந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதே கையால் சோறு சாப்பிட்டால், பீடி பிடித்தால், காரீயம் உடம்புக்குள் போய்விடும். வயிற்றுவலி வரும். இரத்தம் குறையும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி கெடும். படிப்பு ஏறாது. எவ்வளவு குறைவாக இருந்தாலும் குழந்தைகளுக்கு அது நல்லதில்லை. முன்பு பெட்ரோலில்கூடக் காரீயம் கலந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் நம் நாடு முழுவதும் அதை நிறுத்திவிட்டார்கள்.

அதனால் வீட்டிலோ சந்திலோ பாட்டரியை உடைக்கக் கூடாது. பதிவு பெற்ற இடத்தில்தான் பழைய பாட்டரியைக் கொடுக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் அரசு விதியும் அதையே சொல்கிறது. அந்த வேலை செய்தவர்கள் உடையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

வாடை போக என்ன செய்வது?

எண்ணெய் வெறும் தண்ணீரில் போகாது. எண்ணெய்ப் பாத்திரத்தைத் தண்ணீரில் மட்டும் கழுவிப் பாருங்கள். பிசுபிசுப்பு அப்படியே இருக்கும். கையும் அதுபோலத்தான். அக்கா தண்ணீரில் கழுவியும் வாடை போகாததற்கு அதுதான் காரணம்.

சோப்புப் போடுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேயுங்கள். ஒன்று முதல் இருபது வரை மெதுவாக எண்ணும் நேரம் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாடையும் போகும். உலோகத் தூளும் போகும். நோய்க் கிருமியும் போகும்.

வகுப்பில் இதை எல்லாம் படித்தோம். முதல் அக்கா தன் கையை ஒரு முறை மோந்து பார்த்தார். "அப்படியென்றால் இது அழுக்கு இல்லை. என் உடம்பும் இரும்பும் சேர்ந்த வாடை" என்றார்.

"ஆமாம் அக்கா. உழைக்கிற கையின் வாடை. ஆனால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுவிடுங்கள்" என்றேன்.

அடுத்த வாரம் அவர் தன் மகனையும் வகுப்புக்குக் கூட்டி வந்தார். கையில் ஒரு சோப்பும் கொண்டு வந்திருந்தார். அதை வகுப்பில் உள்ள தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் வைத்தார். "எல்லோருக்கும்தான்" என்றார். அவருடைய மகன் அவர் மடியில் உட்கார்ந்து, அவர் பிட்டுக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

பேசிப் பாருங்கள்

1. பூவுக்கு வாசனை உண்டு. சுத்தமான இரும்புக்கு வாடை இல்லை. ஏன்?

2. வெயில் காலத்தில் அடிபம்பைப் பிடித்தால் கையில் வாடை அதிகம் வரும். காரணம் என்ன?

3. உங்கள் ஊரில் பழைய பாட்டரியை எங்கே கொடுக்கிறார்கள்? யாராவது வீட்டில் உடைக்கிறார்களா?

4. உங்கள் வீட்டில் சாப்பிடும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா?